கெலுகோர்க் குன்றை வரைந்தவர்

கெலுகோரைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள பழஞ்சான்றுகளுள் சிறந்த ஒன்று எழுத்தால் ஆனதன்று. கோட்டாலும் வண்ணத்தாலும் ஆனது. அதனை ஆக்கியவர் ஓவியத்தைத் தொழிலாகக் கொண்டவரும் அல்லர்; கிழக்கிந்தியக் கும்பினியின் வங்காளப் படையைச் சேர்ந்த பொறியாளர். சாலையும் பாலமும் கட்டடமும் அவருடைய அலுவல். அலுவல் ஒழிந்த வேளையில் தம் மனம் விரும்பிய இடங்களுக்குச் சென்று, கண்டவற்றை வரைந்து மகிழ்ந்தார். ராபர்ட் சுமித் என்னும் அவ்வாங்கிலேயர் 1787ஆம் ஆண்டு பிறந்தவர். 1814ஆம் ஆண்டை ஒட்டிப் பினாங்குக்கு வந்து, சில ஆண்டுகள் இத்தீவின் தலைமைப் பொறியாளராகப் பணியாற்றினார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை.

வரலாறு கற்பிக்கும் நாம், ஆவணம் என்றதும் செப்பேட்டையும் கல்வெட்டையும் அரசாங்கக் கடிதத்தையுமே நினைக்கிறோம். பொழுதுபோக்காக ஒருவர் வரைந்த படத்தை ஆவணமாக எண்ணுவதில்லை. ஆனால், 1839ஆம் ஆண்டு வரை உலகிற்கு ஒளிப்படக் கலை அறிவிக்கப்படவே இல்லை என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே பினாங்குத் தீவு எப்படி இருந்தது என்பதை நாம் கண்ணால் காண முடிகிறதென்றால், அதற்குக் காரணம் சுமித்தைப் போன்றோரின் ஓய்வு நேரமே ஆகும். அக்காலத்துப் பொறியாளர் படையில் வரைதல் ஒரு தேவை. மலையின் சரிவையும் ஆற்றின் வளைவையும் கோட்டையின் மதிலையும் பார்த்த மாத்திரத்தில் தாளில் பதிக்கத் தெரிந்திருக்க வேண்டும். போருக்காகக் கற்ற கையெழுத்து, அமைதிக் காலத்தில் அழகை நாடியது.

எவற்றை அவர் விரும்பி வரைந்தார்? மலையிலிருந்து வீழும் அருவி, வானளாவிய ஒரு பெருமரம், சீனர்களின் ஆலை, குன்றின் மேலிருந்து காணும் நகரம், கடற்கரை, சபோக் மாளிகை. இவற்றோடு ‘கெலுகோர் மாளிகையும் நறுமணப் பயிர்த் தோட்டங்களும்’ என்னும் பொருளுடைய தலைப்பில் நம் கெலுகோரும் இடம்பெற்றது. அவருடைய வரைவுகளிற் பத்து, 1821இல் இலண்டனில் அச்சேறின. செப்புத் தகட்டில் அவற்றைச் செதுக்கியவர் வில்லியம் டேனியல். தகட்டின் மேல் பிசின் பொடியைத் தூவி, சூடேற்றி ஒட்டவைத்து, அமிலத்தில் அமிழ்த்தி எடுத்தால், பொடி மூடாத நுண்ணிய இடங்களை அமிலம் அரிக்கும். அவ்வரிப்பின் ஆழத்திற்கேற்ப அச்சில் இருளும் ஒளியும் அமையும். பின்னர் ஒவ்வொரு படிக்கும் கையால் வண்ணம் தீட்டுவர். மேகத்தின் மென்மையையும் மலையின் நீலத்தையும் அச்சிற் காட்ட அந்நாளில் இதனினும் சிறந்த முறை இல்லை.

டேனியலைப் பற்றித் தமிழ் மாணவர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இவர் தம் சிற்றப்பர் தாமசு டேனியலுடன் இந்தியாவிற்குச் சென்று, 1792இல் தமிழகத்தையும் சுற்றி வந்தவர். மதுரையும் தஞ்சையும் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையும் அவர்கள் தூரிகையில் உருப்பெற்றன. மலைக்கோட்டையை வரைந்த அதே கை, முப்பது ஆண்டுகள் கழித்துக் கெலுகோர்க் குன்றைச் செம்பில் செதுக்கியது. அந்தக் குன்றை அவர் நேரில் கண்டதில்லை. சுமித்தின் தாள்களை நம்பியே செதுக்கினார்.

இனிக் கெலுகோருக்கு வருவோம். கெலுகோர் என்பது மலாய்க்காரர் சமையலில் புளிப்புக்காகப் பயன்படுத்தும் காயைத் தரும் மரத்தின் பெயர். 1786இல் பிரான்சிசு லைட் இத்தீவிற் கொடியேற்றுவதற்கு அரை நூற்றாண்டு முன்னரே, பக்கத்திலுள்ள பத்து உபானில் மலாய்க் குடியிருப்பு இருந்தது. அங்குள்ள பள்ளிவாசலின் தோற்றம் 1734 எனக் கூறுவர். ஆங்கிலேயர் வந்த பின் இப்பகுதியிற் பெருநிலம் பெற்றவர் டேவிட் பிரவுன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். லைட்டின் வணிகக் கூட்டாளியான ஜேம்சு ஸ்காட்டுடன் சேர்ந்து தொழில் செய்தவர். 1825இல் இறந்தார். அவர் கட்டிய மாளிகையும் நட்ட தோட்டமுமே சுமித்தின் படத்திற்குப் பொருளாயின.

அத்தோட்டத்தில் விளைந்தவை சாதிக்காயும் கிராம்பும். அதுவரை மொலுக்காத் தீவுகளில் ஒல்லாந்தர் காத்து வைத்திருந்த பயிர்கள் அவை. 1796இல் ஆங்கிலேயர் அத்தீவுகளைக் கைப்பற்றியபோது, நாற்றுகளைப் பினாங்குக்குக் கொணர்ந்தனர். சாதிக்காய் மரம் பொறுமையைச் சோதிப்பது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நட்டுச் சில ஆண்டுகள் கழித்துப் பூத்த பின்னரே எது எதுவென்று தெரியும். ஆண் மரங்களுட் சிலவற்றை மட்டும் மகரந்தத்திற்காக விட்டுவிட்டு எஞ்சியவற்றை வெட்டியெறிய வேண்டும். எருவும் நிழலும் இடையறாக் களையெடுப்பும் அதற்குத் தேவை. இத்தனையும் செய்து வளர்த்த தோட்டங்கள், 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு நோய் பரவிப் பட்டுப்போயின. இன்று பினாங்குக் கடைகளில் சாதிக்காய் ஊறுகாயாகவும் பானமாகவும் விற்கிறதே, அது அப்பழைய செல்வத்தின் எச்சம்.

இந்த இடத்தில் படத்தின் தலைப்பை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுகிறேன். மாளிகை இருக்கிறது, பயிர் இருக்கிறது. பயிரிட்டவர் எங்கே?

தலைப்பில் அவர்க்கு இடமில்லை. பினாங்கில் அன்று உழைத்தவருள் நம்மவர் பலர். சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரத்திற்கு மேற்பட்டோர் கப்பலேறி வருகின்றனர் என 1794இலேயே லைட் எழுதினார். சிலர் கடை வைத்தனர். சிலர் படகு செலுத்தினர். பலர் கூலிக்கு மண்வெட்டி பிடித்தனர். இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளும் இருந்தனர். 1818இல் கட்டி முடிந்த செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம் அக்கைதிகளின் உழைப்பால் எழுந்தது. அதனை வடிவமைத்தவராகக் கேப்டன் ராபர்ட் சுமித் என்ற பெயரே வழக்கமாகச் சொல்லப்படுகிறது. கல் சுமந்தவர் ஒருவரின் பெயரும் சொல்லப்படுவதில்லை.

இதற்காகச் சுமித்தைக் குறை கூறுதல் முறையாகாது. அவர் வரலாறு எழுத முனைந்தவர் அல்லர். தமக்கு இனியவற்றை வரைந்தார். அருவியும் குன்றும் தம்மைப்போன்றோர் வாழ்ந்த மாளிகைகளும் அவருக்கு இனியவை. அன்பு காட்டிய பக்கத்தையே கையும் வரைந்தது. அந்த அன்பினாலேயே அவர் படங்கள் உயிரோடிருக்கின்றன; அந்த அன்பின் எல்லையே அவற்றின் எல்லையும் ஆயிற்று.

அவருடைய வாழ்விலேயே இதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. பினாங்கிலிருந்து பின்னர் அவர் தில்லியிற் பணியாற்றினார். 1803ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சேதமுற்ற குதுப்மினாரைச் செப்பனிடும் பொறுப்பு அவருக்கு வந்தது. 1828இல் வேலையை முடித்தவர், கோபுரத்தின் உச்சியில் தம் விருப்பப்படி தூண்கள் தாங்கிய ஒரு மண்டபத்தையும் அமைத்தார். பார்த்தவர்க்கெல்லாம் அது பொருந்தாமல் தோன்றியது. 1848இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்சு பிரபு அதனை இறக்குமாறு ஆணையிட்டார். ‘சுமித்தின் மடமை’ என்னும் ஏளனப் பெயரைத் தாங்கி, அது இன்றும் வளாகத்தின் புல்தரையில் நிற்கின்றது. அரசுப் பணத்தில் உயரத்தில் வைத்தது கீழே வந்துவிட்டது. யாரும் கேளாமல் வரைந்த படங்களோ அரும்பொருளகத்திற்கு ஏறிவிட்டன. அவர் தீட்டிய பினாங்குக் காட்சிகளான எண்ணெய் வண்ண ஓவியங்களுட் சில, இம்மாநில அரும்பொருளகத்தின் செல்வங்களாக மதிக்கப்படுகின்றன. சுமித் ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பி, இங்கிலாந்தின் பெயின்டனிலும் பிரான்சின் நீசு நகரிலும் கீழைநாட்டுச் சாயலில் இரு மாளிகைகள் கட்டிக்கொண்டு, 1873இல் மறைந்தார். அவ்விரண்டும் இன்றும் உள்ளன.

அவர் காலத்தில் தமிழகத்திலும் படங்கள் வரையப்பட்டன. தஞ்சையிலும் திருச்சியிலும் இருந்த நம் ஓவியர்கள், கும்பினி அதிகாரிகள் ஊருக்கு எடுத்துச் செல்வதற்காகத் தாளிலும் மைக்காத் தகட்டிலும் தீட்டினர். குயவரும் மனைவியும், நெசவாளரும் மனைவியும், தச்சரும் மனைவியும் எனத் தொழிலுக்கொரு இணையாக, கையிற் கருவியோடு அவை அமைந்தன. அவற்றில் உழைப்பவர் இருக்கிறார். உடையும் கருவியும் நுணுக்கமாக இருக்கின்றன. ஆயினும் அவை வாங்குபவரின் விருப்பத்திற்காக வரையப்பட்டவை. வரைந்தவருக்கு அந்தக் குயவரைப் பிடித்திருந்ததா என்று அறிய வழியில்லை. சுமித்திடம் விருப்பம் இருந்தது, நம்மவர் இல்லை. தஞ்சைப் படங்களில் நம்மவர் இருந்தனர், வரைந்தவரின் சொந்த விருப்பம் தெரியவில்லை. நம் மக்களே தமக்குப் பிடித்ததைத் தமக்காக வரைந்து வைத்திருந்தால் எத்துணை நன்றாயிருக்கும் என்ற ஏக்கம் எனக்கு அடிக்கடி எழுவதுண்டு.

பினாங்கில் அதற்கு வாய்ப்பு இல்லாமலில்லை. 1920களில் இங்கிருந்த ஐரோப்பியப் பெண்மணிகள் பொழுதுபோக்காக வரைவதற்கு ஒரு குழு அமைத்தனர். ஆசியர்க்கு அதில் இடம் அரிதாயிருந்த அந்நாளில், நீர்வண்ண ஓவியரான அப்துல்லா ஆரிப் (1904–1962) அக்குழுவிற்குக் கற்பிக்கும் அளவிற்கு உயர்ந்தார். அவர் பள்ளி ஆசிரியர் என்பதை இந்நூலைப் படிக்கும் ஆசிரியர்கள் சிறப்பாகக் கருதுவார்களாக. அவர் பெயரால் இன்று ஆயர் ஈத்தாமில் ஒரு சாலை உள்ளது. அதே 1962இல் மறைந்த யோங் முன் சென், ஒளிப்படக் கடை நடத்திக்கொண்டே கடற்கரையையும் மீனவரையும் தீட்டினார். நம்மவருள், 1943இல் இராமநாதபுரத்துக் கடற்கரை ஊரான அழகன்குளத்தில் பிறந்து பினாங்கில் வளர்ந்த சையது தாசுதீன், சென்னையில் ஓவியம் பயின்றபோதே இராமாயணக் காட்சிகளைப் பெரிய அளவில் தீட்டிப் புகழ்பெற்றார். இவர்கள் பெயர் பெற்றவர்கள். இவர்களுக்கு நூல்களும் கூடங்களும் உண்டு. கெலுகோரிலேயே அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் அரும்பொருளகமும் ஓவியக்கூடமும் இயங்குகின்றன. என் கவலை பெயர் பெறாதவர்களைப் பற்றியது.

நம் வீடுகளில் ஓவியம் இல்லாத நாளில்லை. விடியலில் பெண்கள் வாசலில் இடும் கோலம் பகலுக்குள் காலடியில் கலைந்துவிடும். அழிவதே அதன் இயல்பு என்று நாம் பழகிவிட்டோம். அப்பழக்கம் தாளில் வரைந்ததையும் காவாமல் விடும் மனப்பான்மையாக மாறிவிட்டதோ என ஐயுறுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்ப்பள்ளியில் பழைய ஏடுகளைக் கழிக்கும் வேலை நடந்தது. கணக்கு ஏடுகளும் கட்டுரை ஏடுகளும் ஒருமுறை புரட்டிப் பார்க்கப்பட்டன. ஓவிய ஏடுகளை யாரும் புரட்டவில்லை. கட்டோடு நெருப்பிற்குச் சென்றன. அங்கிருந்த ஆசிரியர்களுள் நானும் ஒருவன். நான் தடுக்கவில்லை. கட்டிலிருந்து நழுவி விழுந்த ஓர் ஏட்டை மட்டும், ஏனென்று தெரியாமல் எடுத்து வந்தேன்.

நான்காம் வகுப்பு மாணவர் ஒருவருடையது. ‘எனக்குப் பிடித்தவை’ என்ற தலைப்பில் நான்கு பக்கம் வரைந்திருக்கிறார். முதற்பக்கத்தில் மிதிவண்டியில் பாற்பாத்திரங்களுடன் தாத்தா. அடுத்ததில் மாட்டுக்கொட்டகை. மூன்றாவது தைப்பூசக் காவடி. நான்காவது, 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம். கெலுகோர்க் கரையிலிருந்து பார்த்தபடி நீண்டு சென்று தாளின் ஓரத்தில் முடிகிறது. அளவு எதிலும் சரியில்லை. கொட்டகைப் படத்தில் பசு, வீட்டைவிடப் பெரிதாக நிற்கிறது. அதன் நெற்றியில் வெள்ளைச் சுட்டி, கழுத்தில் மணி, மணிக்கு மட்டும் மஞ்சள் வண்ணம் இருமுறை அழுத்தித் தீட்டப்பட்டுள்ளது. பக்கத்தில் ஒரு மூதாட்டி, தலையில் துண்டுடன், சாணக்கூடையைத் தூக்குகிறார். படத்தின் கீழே பென்சிலால் மாட்டின் பெயரும் பாட்டியின் பெயரும் எழுதப்பட்டுள்ளன.

அந்தக் கொட்டகை நின்ற இடத்தை நான் தேடிச் சென்றேன். இன்று அங்கு அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்துள்ளது. கொட்டகையை நினைவு வைத்திருந்த முதியவர் ஒருவரிடம் ஏட்டைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, மணி அவ்வளவு பெரிதில்லை, ஆனால் சுட்டி அங்கேதான் இருந்தது என்றார்.