கடலடிப் படங்களும் பவளப் பார்களின் வரலாறும்

சரித்திரம் எழுதுவார்க்குக் கல்வெட்டும் செப்பேடும் பழஞ்சுவடியும் சான்றாவன. இவையெல்லாம் நிலத்தின்மேல் நிகழ்ந்தவற்றையே உரைக்கும். கடலின்கீழ் நிகழ்ந்தவற்றிற்கு, முத்துக் குளிப்போரும் சங்கு குளிப்போரும் கண்டு கூறிய சொல்லே நெடுங்காலம் சான்றாயிருந்தது. அச்சொல் மெய்யேயாயினும், சொன்னவரோடு மறைந்தது. இக்குறையை நிழற்படம் நிரப்பிய வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களுக்கு ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

வெள்ளிமலையில் வாழ்வார்க்குக் கடலைப்பற்றிய பேச்சு எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். கல்வராயன் மலையிற் பெய்யும் மழை கோமுகி முதலிய ஆறுகளாய் இறங்கி, வெள்ளாற்றின் வழியே பரங்கிப்பேட்டையருகிற் கடலை அடைகின்றது. மலையில் மரம் அழிந்து மண் அரிக்கப்படின் ஆறு கலங்கும். ஆறு கலங்கின் கடலும் கலங்கும். கலங்கிய நீர் பவளத்திற்குப் பகை. நாம் கூறவிருக்கும் மன்னார் வளைகுடா நம் ஆறு கடல்புகும் இடத்திற்குத் தெற்கே நெடுந்தொலைவில் உள்ளதேனும், இந்நியதி எல்லாக் கரைக்கும் பொதுவாம்.

பவளப் பார் என்பது வெறுங் கல்லன்று. மிகச் சிறிய உயிர்கள் கூட்டமாய் வாழ்ந்து, சுண்ணக் கூடு கட்டிக் கட்டி எழுப்பிய மாளிகை அது. அவ்வுயிர்களின் உடலில் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, வெயிலொளியால் உணவு சமைத்து ஊட்டுகின்றன. நீரின் வெப்பம் வழக்கமான கோடை அளவினும் ஒரு பாகை மிகுந்து சில வாரங்கள் நீடிப்பின், அப்பாசிகள் நீங்கப் பவளம் வெளிறுகின்றது. வெளிறியது உடனே இறந்ததாகாது, வெப்பம் விரைவில் தணியின் மீண்டும் தேறும், தணியாவிடின் மடியும். ஆதலின் ஒருமுறை காண்டல் போதாது. ஒரே இடத்தைப் பன்முறை கண்டு ஒப்பிடல் வேண்டும்.

இவ்வொப்பீட்டிற்கு வழிவகுத்த முயற்சிகள் பிறநாடுகளில் தொடங்கின. 1893-ஆம் ஆண்டில் லூயி பூத்தான் என்பார் பிரான்சின் தென்கரையில் கடலுள் மூழ்கி நிழற்படம் எடுத்தார். அவ்வாண்டிலேயே சாவில்-கென்ட் என்பார், ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் நீர் வற்றும்பொழுது வெளிப்பட்ட பார்களைப் படம்பிடித்து நூலாக வெளியிட்டார். நூறாண்டு கழித்து ஆராய்வோர் அவ்விடங்களிலேயே நின்று மீண்டும் படமெடுத்துப் பார்த்தனர். சில இடங்களில் பவளம் குறைந்திருந்தது, சில இடங்களில் மாற்றமில்லை. பழைய படம் இல்லையேல் இவ்வுண்மை எங்ஙனம் புலப்படும்? 1926-இல் லாங்லி, மார்ட்டின் என்னும் இருவர் புளோரிடாக் கடலில் முதன்முதல் வண்ணப்படம் எடுத்தனர். 1943-இல் கூஸ்தோவும் காக்னானும் மூச்சுக்காற்றுக் கருவியை இயற்றியபின், ஆராய்வோர் கடலடியில் நெடுநேரம் தங்கிப் பணியாற்றுதல் எளிதாயிற்று.

இனி நம் நாட்டு நிலையைக் காண்போம். இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் பவளப் பார்களாற் சூழப்பட்டிருந்தன. மண்டபத்தில் இருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கோபிநாத பிள்ளை என்னும் அறிஞர் இப்பவளங்களின் வகைகளை ஆராய்ந்து எழுதினார். ஆயின் அக்காலத்திலேயே, சுண்ணாம்புக்கும் கட்டடத்திற்கும் தொழிற்சாலைகட்குமாகப் பவளம் வெட்டப்பட்டு வள்ளம் வள்ளமாய்க் கரையேறியது. 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001-இல் பவளங்கள் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டன. 2005-ஐ ஒட்டியே வெட்டுதல் நின்றது. அதற்குள் சற்றேறக்குறைய 110 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் 32 சதுரக் கிலோமீட்டர் சிதைந்துவிட்டது. விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் நீருள் மூழ்கின. அலையைத் தடுத்த அரண் போனபின் தீவு நிற்குமோ?

இக்காலத்துத் தூத்துக்குடிச் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் முதலியோர் மூழ்கிச்சென்று பார்களை அளக்கின்றனர். கடலடியில் அளவு நாடாவை விரித்து அதன்கீழ் உள்ளவற்றைக் குறிப்பதும், சதுரச் சட்டம் வைத்துப் படமெடுத்துப் படத்தின்மேற் புள்ளிகளிட்டு எண்ணுவதும் இதன் முறைகள். நூறு புள்ளிகளில் நாற்பது உயிருள்ள பவளத்தின்மேல் விழுமாயின், அவ்விடத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு பவளம் என்க. நீர் செந்நிறத்தை முதலில் விழுங்கிவிடுதலின் விளக்கும் வண்ண அட்டையும் உடன் வேண்டும். கலங்கிய நீரிலோ எக்கருவியும் மயங்கும். இங்ஙனம் அளந்தமையாலன்றோ, 2016-ஆம் ஆண்டு வெப்பத்தால் இவ்வளைகுடாவின் உயிர்ப்பவளம் நூற்றுக்கு ஏறத்தாழ 39 பங்கிலிருந்து 23 பங்காய்க் குறைந்தது என்று உலகம் அறிந்தது!

படம் நோயைத் தீர்க்கும் மருந்தாகாது. நாடி பார்த்தலை ஒக்கும். நாடி பாராத வைத்தியன் நோயாளியை இழந்தபின்னரே நோயை அறிவான். முன்னிருந்த நிலைக்குச் சான்று இல்லாவிடின், பின் பிறந்தார் குறைந்ததையே இயல்பென்று கொள்வர். இழந்ததனை இழந்ததாகவும் அறியார். இதுவே கேடுகளுள் பெருங்கேடு.

ஆதலின் நம் குடும்பத்துப் பெற்றோர்க்கு யாம் ஒன்று சொல்லுவோம். கடலறிவியல் கரையிலுள்ளார்க்கே உரியதென்று எண்ணாது, விருப்பமுள்ள பிள்ளைகளை, ஆணாயினும் பெண்ணாயினும், அக்கல்வியிற் புகுத்துங்கள். அன்றியும், நம் மலையின் சுனைகளையும் ஓடைகளையும் சோலைகளையும் ஆண்டுக்கொருமுறை ஒரே இடத்தில் நின்று படமெடுத்து, நாளும் இடமும் குறித்துச் சங்கத்தில் வைப்பீர்களாக. செலவு சிறிது, நம் பேரர்க்கு அது செப்பேடாகும்.