ரீட்டா ஆடிய டென்னிஸ்

1937. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ப்ராட்லி இல்லம் என்றொரு குழந்தைகள் மனநல மருத்துவமனை. மூளையைப் படம் பிடிக்க, தண்டுவட நீரை வடித்துவிட்டுக் காற்றைச் செலுத்துவார்கள். படம் கிடைக்கும், கூடவே மண்டை பிளக்கும் தலைவலியும் வரும். பாவம், சின்னஞ்சிறுசுகள். வற்றிய நீர் சீக்கிரம் ஊறட்டும் என்று மருத்துவர் சார்ல்ஸ் ப்ராட்லி, பென்செட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்தார். தலைவலி தீரவில்லை. ஆனால் வகுப்பறையில் வேறேதோ நடந்தது.

ஓரிடத்தில் உட்காராத பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் கணக்குப் போட்டார்கள்! ப்ராட்லி 30 பிள்ளைகளுக்கு ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தார். 14 பேரின் படிப்பில் வியக்கத்தக்க முன்னேற்றம். பெரியவர்களைத் துள்ள வைக்கும் மருந்து பிள்ளைகள் பலரை அமைதிப்படுத்தியது. ‘கணக்கு மாத்திரை’ என்று அவர்களே அதற்குப் பேர் வைத்தார்கள். மருத்துவ உலகமோ கால் நூற்றாண்டுக்கு அதைக் கண்டுகொள்ளவில்லை. அதற்குள் ஸ்விட்சர்லாந்தில் இன்னொரு மாத்திரை உருவானது.

1944. பேசல் நகரின் சீபா நிறுவனத்தில் வேதியியலாளர் லியாண்ட்ரோ பனிட்சோன் புதிய பொருள் ஒன்றைத் தயாரித்தார். அந்நாளைய வழக்கப்படி தானே விழுங்கிப் பார்த்தார். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் மார்கரீட் இல்லாதிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

மனைவி மார்கரீட்டுக்கு ரத்த அழுத்தம் குறைவு. டென்னிஸ் ஆடப் போகுமுன் அதைச் சாப்பிட்டார். உடம்பில் தெம்பு, மனதில் உற்சாகம், ஆட்டமும் மேம்பட்டது. மார்கரீட்டின் செல்லப் பேர் ரீட்டா. அந்தப் பேரிலிருந்தே மருந்துக்கும் பேர் பிறந்தது: ரிட்டலின்.

1954-இல் சந்தைக்கு வந்தபோது அது களைப்புக்கும் மனச்சோர்வுக்குமான மருந்து. கவனக்குறைவுக்கும் அதற்கும் யாரும் முடிச்சுப் போடவில்லை. ப்ராட்லியின் பழைய கண்டுபிடிப்பு தூசி தட்டப்பட்ட பிறகுதான், 1961-இல் அமெரிக்கா அதைக் குழந்தைகளுக்கு அனுமதித்தது. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைக் கூட்டி கவனத்தை நிலைநிறுத்திய மருந்து, பசியைக் குறைத்தது. வீரியம் இறங்கும் மாலை வேளையில் சில பிள்ளைகளைச் சிடுசிடுக்க வைத்தது. இதயத்தையும் வேகப்படுத்தியது. ஆடுகளத்தில் அது சின்ன விஷயமில்லை.

1967 ஜூலை 13. பிரான்ஸின் வான்டூ மலையில், கொளுத்தும் வெயிலில் சைக்கிள் வீரர் டாம் சிம்ப்சன் சுருண்டு விழுந்து இறந்தார். உடலில் ஆம்ஃபெட்டமின் இருந்தது; அது ரிட்டலினின் நெருங்கிய உறவு. களைப்பு என்பது உடம்பு அடிக்கும் எச்சரிக்கை மணி. ஊக்க மருந்து அந்த மணியை அமுக்கிவிடுகிறது. மறு ஆண்டே ஒலிம்பிக்கில் சோதனை வந்தது. ரீட்டாவின் ஆட்டத்தைத் தூக்கிவிட்ட மாத்திரை போட்டிக் களத்தில் தடை மருந்தானது. மருத்துவக் காரணம் காட்டி அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும் கதவு திறந்திருந்தது.

2016-இல் இணையத் திருடர்கள் அந்த அனுமதிக் கோப்புகளைத் திருடி வெளியிட்டார்கள். ரியோ ஒலிம்பிக்கில் 4 தங்கம் வென்ற ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸின் பேரும் அதில் இருந்தது. அவர் பதுங்கவில்லை. சிறு வயதிலிருந்தே ஏடிஎச்டி என்ற கவனக்குறைவுக் கோளாறுக்கு மருந்து எடுப்பதாகவும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும் உலகறியச் சொன்னார்.