சல்கேரியா இசிடீஃபெரா

சல்கேரியா இசிடீஃபெரா என்பது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் லூயிஸ் ஒபிஸ்போ மாவட்டத்துக் கடலோரப் புதர்களின் பட்டையில் வளரும் அரிய லைக்கன். உலகில் வேறெங்கும் இது இருப்பதாகத் தெரியவில்லை. பார்மீலியேசி குடும்பத்தைச் சேர்ந்தது. செட்டிநாட்டுச் சமையலில் சேர்க்கும் கல்பாசியும் இதே குடும்பம்தான். ஆனால் தோற்றத்தில் ஒற்றுமை இல்லை. கல்பாசி இலைபோல் தட்டையாக விரியும். இது நூல்நூலாகக் கிளைத்துச் சிறு கொத்தாக நிற்கும்.

கிளைகளின் நீளவாக்கில் ஓடும் பள்ளங்கள் சல்கேரியா பேரினத்தின் அடையாளம். பேரினத்தை வகுத்தவர் போலந்து அறிஞர் பிஸ்ட்ரெக், ஆண்டு 1971. இதன் இனங்கள் ஒருசிலவே. சல்கேரியா சல்கேட்டா, சல்கேரியா வைரன்ஸ் ஆகிய இரண்டும் இமயமலைப் பகுதியில் உள்ளவை. சல்கேரியா பேடியா அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்தது. கனடாவின் தேசிய இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய இர்வின் புரோடோ, டேவிட் ஹாக்ஸ்வொர்த்துடன் இணைந்து வட அமெரிக்காவின் நூல்வடிவ லைக்கன்களைப் பற்றி 1977இல் பெரிய ஆய்வு நூலொன்றை வெளியிட்டார். சல்கேரியா இசிடீஃபெராவைப் புதிய இனமாக அவர் விவரித்தது 1986இல். மக்கள் நெருங்கி வாழும் கரையோரத்தில், கைக்கு எட்டும் உயரத்தில் வளரும் உயிர் அதுவரை பெயரில்லாமல் இருந்திருக்கிறது.

மற்ற சல்கேரியாக்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுபவை கிளைகளின் மேல் முளைத்திருக்கும் இசிடியங்கள் என்னும் நுண்ணிய முனைப்புகள். லைக்கன் தனியொரு தாவரமன்று. பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உடல். பூஞ்சையின் வித்து மட்டும் காற்றில் பறந்து போனால், இறங்கிய இடத்தில் ஏற்ற பாசியைத் தேடிப் பிடித்தாக வேண்டும். இசிடியத்துக்கு அந்தக் கவலை இல்லை. உடையும்போதே பூஞ்சையையும் பாசியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. ஆனால் வித்தைவிட எடை கூடியது என்பதால் பெரும்பாலும் தொலைவு போவதில்லை. அடுத்த கிளை, அடுத்த புதர் என்ற அளவிலேயே பரவல் நின்றுவிடுகிறது.

மோரோ விரிகுடாவும் அதன் தென்கரையிலுள்ள லாஸ் ஓசோஸ் ஊரும் இதன் தாயகம். பழைய மணற்குன்றுகள் இறுகி உருவான நிலம் அது. கோடையில் மழை கிடையாது. பசிபிக்கிலிருந்து மூடுபனி ஏறி வருகிறது. பசும்பாசியோடு வாழும் லைக்கன்களுக்கு இது போதும். ஈரக்காற்றிலிருந்தே நீரை உறிஞ்சி, உலர்ந்து கிடந்த உடலை அவை மீண்டும் இயக்கிவிடும். புதருக்கும் இவற்றால் கேடில்லை. லைக்கன் பிடித்தால் மரம் பட்டுப்போகும் என்று நம் ஊர்த் தோட்டங்களிலும் சொல்வதுண்டு. அது வீண் பழி. இவை பட்டையை இருக்கையாகக் கொள்கின்றனவே தவிர, அதன் சாற்றை உண்பதில்லை.

சாமீஸ் என்னும் புதர், இலந்தைக் குடும்பத்துச் சியானோத்தஸ், கடற்காற்றில் வளர்ச்சி குன்றிய ஓக் ஆகியவற்றின் கிளைகளில் இந்த லைக்கன் காணப்படுகிறது. செடி எது என்பதைவிட அதன் வயதே முக்கியம். நெடுங்காலம் தீயும் வெட்டும் படாத முதிய புதர்க்காட்டைத்தான் இது நாடுகிறது. சாமீஸ் எரிந்தாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும்; சில ஆண்டுகளில் புதர் பழைய உருவத்துக்கு வந்துவிடும். மேலிருந்த லைக்கனோ கரியாகிப் போயிருக்கும். எரியாத பக்கத்துத் திட்டிலிருந்து இசிடியம் வந்து விழுந்தால்தான் மறுவாழ்வு. அந்தத் திட்டில் வீடு எழும்பியிருந்தால் அதுவும் இல்லை. ஆகவே, பச்சையாகத் தெரியும் புதர்க்காட்டின் பரப்பை மட்டும் அளந்து இந்த இனத்தின் நிலையை மதிப்பிட முடியாது.

வீடு எழும்பாமல் பார்த்துக்கொண்டதில் கழிவுநீருக்குப் பங்குண்டு என்பது இந்த ஊரின் விசித்திரம். லாஸ் ஓசோஸ் வீடுகளின் செப்டிக் டேங்குகளால் நிலத்தடி நீர் கெடுகிறது என்று, அவற்றின் கழிவுநீரை நிலத்தில் விட வட்டார நீர்த்தர வாரியம் 1983இல் தடை விதித்தது. அத்தடை நடைமுறைக்கு வந்த 1988 முதல் புதிய கட்டுமானம் ஏறக்குறைய நின்றே போனது. பாதாளச் சாக்கடையை எங்கே அமைப்பது, யார் பணம் கட்டுவது என்று ஊர் இரண்டுபட்டு நிற்க, சுத்திகரிப்பு நிலையம் 2016இல்தான் செயல்பாட்டுக்கு வந்தது. அத்தனை காலமும் காலி மனைகள் பல காலியாகவே கிடந்தன. திட்டமிட்ட பாதுகாப்பு என்று இதைச் சொல்ல முடியாது. பலன் என்னவோ அதுதான். முறையான காப்புநிலங்களும் அருகில் உண்டு: மொன்டான்யா டி ஓரோ, மோரோ பே ஆகிய மாநிலப் பூங்காக்கள், குட்டை ஓக்குகள் நிறைந்த சுமார் 90 ஏக்கர் எல்ஃபின் காடு.

கலிபோர்னியாவின் அரிய தாவரப் பட்டியலில் இந்த லைக்கனுக்கு 1பி.1 என்ற தரம் தரப்பட்டுள்ளது. கடும் ஆபத்தில் உள்ளவற்றுக்கு உரிய தரம் அது. கலிபோர்னியா லைக்கன்களை மதிக்காத மாநிலமும் அன்று: மீன்வலைபோல் தொங்கும் ராமலினா மென்சீசியை மாநில லைக்கனாக 2016 முதல் ஏற்றிருக்கிறது, அப்படிச் செய்த முதல் அமெரிக்க மாநிலம் அதுவே. ஆனால் சின்னமாக வைப்பது வேறு, சட்டத்தில் ஏற்றுவது வேறு. இதே மணலில் வாழும் மோரோ நத்தையும் மோரோ மான்சனீட்டா என்ற புதரும் 1994 முதல் கூட்டாட்சி அரசின் அழிநிலை உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. அச்சட்டத்தின் பட்டியலில் இதுவரை இடம்பெற்ற லைக்கன்கள் இரண்டே: ஃபுளோரிடாவின் கிளடோனியா பெர்ஃபொரேட்டா, அப்பலாச்சிய மலைகளின் சிம்னோடெர்மா லீனியரே. சல்கேரியா இசிடீஃபெரா அதில் இல்லை.