இந்தியக் கைப்பேசி அகலக்கற்றை ஒப்பீடுகளின் வரலாறு (2004–2024): வேகம், பரவல், அளவுகோல்

ஆய்வுச் சுருக்கம்

கைப்பேசி நிறுவனங்களின் இணைய வேகத்தையும் சேவைப் பரவலையும் ஒப்பிடும் பட்டியல்கள் 2016ஆம் ஆண்டிற்குப் பின் இந்தியாவில் பெருகின. ஒரே காலப்பகுதியில் ஒரே நிறுவனம் ஒரு பட்டியலில் முதலிடத்திலும் மற்றொன்றில் பின்தங்கியும் காணப்பட்டது. இம்முரண் அளவிடுவோரின் பிழையால் மட்டும் எழுந்ததன்று. எதனை, யாரிடம், எவ்விடத்தில் அளப்பது என்னும் முடிவுகளின் விளைவு என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. அலைவரிசையே எட்டாத ஊர்கள் வேக ஒப்பீடுகளில் இடம்பெறுவதில்லை என்பதும், அதனால் இப்பட்டியல்களைச் சமூக வரலாற்றுச் சான்றாகக் கொள்வதில் எழும் வரம்பும் விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அகலக்கற்றை, தரவிறக்க வேகம், சேவைப் பரவல், டிராய், அளவீட்டு முறை, ஜியோ, ஏர்டெல்.

முன்னுரை

இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசுவிற்கும் மத்திய அமைச்சர் சுக்ராமிற்கும் இடையே நிகழ்ந்தது. அக்காலத்தில் நிறுவனங்களை ஒப்பிடக் கட்டணமும் அழைப்பின் தெளிவும் போதுமானவையாக இருந்தன. மூன்றாம் தலைமுறைச் சேவையும் அதனைத் தொடர்ந்து நான்காம் தலைமுறைச் சேவையும் வந்தபோது ஒப்பீட்டின் மையம் வேகத்திற்கு மாறியது. வேகம் என்பது எண்ணாக வெளிப்படுவதால் ஐயத்திற்கு இடமற்றது என்னும் எண்ணம் பரவியது. அவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் வினா.

வரையறையின் வரலாறு

‘அகலக்கற்றை’ என்னும் சொல்லின் பொருளே இந்தியாவில் மும்முறை வகுக்கப்பட்டுள்ளது. 2004ஆம் ஆண்டின் அகலக்கற்றைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் என்பதைக் குறைந்தபட்சத் தரவிறக்க வேகமாகக் கொண்டது. 2013இல் இது 512 கிலோபிட்டாக உயர்த்தப்பட்டது. 2023 ஜனவரியில் 2 மெகாபிட் ஆனது. 2012ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை 2 மெகாபிட் என்னும் இலக்கிற்கு 2015ஆம் ஆண்டையே குறித்திருந்தது. கொள்கை குறித்த ஆண்டிற்கும் வரையறை மாறிய ஆண்டிற்கும் இடையே எட்டு ஆண்டுகள் கடந்துள்ளன. எனவே, அகலக்கற்றை இணைப்புகளின் எண்ணிக்கை பெருகியதைக் காட்டும் வரைபடங்களைப் படிப்போர், அந்தந்த ஆண்டில் நடைமுறையிலிருந்த வரையறையையும் உடன் நோக்குதல் வேண்டும்.

2017: ஒரே காலம், இரு எண்கள்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2016 ஜூலையில் ‘மைஸ்பீடு’ என்னும் செயலியை அறிமுகப்படுத்தியது. பயனர்கள் தம் கைப்பேசியிலேயே வேகத்தைச் சோதித்து ஆணையத்திற்கு அனுப்ப இது வழிசெய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று ஜியோ தன் சேவையைத் தொடங்கியது. அளக்கும் கருவியும் அளக்கப்படும் போட்டியும் ஏறத்தாழ ஒரே காலத்தில் களத்திற்கு வந்தன.

2017 பிப்ரவரிக்குரிய மைஸ்பீடு தரவில் ஜியோவின் சராசரித் தரவிறக்க வேகம் நொடிக்கு 16 மெகாபிட்டைக் கடந்திருந்தது. ஏர்டெல்லின் வேகம் ஏறத்தாழ அதில் பாதியாக இருந்தது. 2016 டிசம்பர் முதல் 2017 பிப்ரவரி வரையிலான காலத்தைக் கொண்டு ஓப்பன்சிக்னல் நிறுவனம் வெளியிட்ட அறிக்கையிலோ நிலை தலைகீழானது. அதில் ஏர்டெல்லின் 4ஜி வேகம் 11 மெகாபிட்டைக் கடந்தது. ஜியோவின் வேகம் 4 மெகாபிட்டிற்கும் குறைவாக இருந்தது.

இவ்வேறுபாட்டிற்கு மூன்று கூறுகளைச் சுட்டலாம். முதலாவது, சோதிப்போர் யார் என்பது. பயனர் தாமாக முன்வந்து பொத்தானை அழுத்தும் சோதனையும், செயலி பின்புலத்தில் தானே திரட்டும் அளவும் ஒரே மாதிரிக்கூற்றைத் தருவதில்லை. இரண்டாவது, சோதனை நிகழும் நேரம். அக்காலத்தில் ஜியோ கட்டணமின்றி வழங்கப்பட்டது. 2017இன் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 1 ஜிபி அளவைக் கடந்த பயனரின் வேகம் நொடிக்கு 128 கிலோபிட்டாகக் குறைக்கப்பட்டது. இது அன்றைய அரசு வரையறையான 512 கிலோபிட்டில் நான்கில் ஒரு பங்கே. இத்தகைய நேரங்களில் எடுக்கப்பட்ட அளவுகள் எந்த விகிதத்தில் சேர்கின்றனவோ அதற்கேற்பச் சராசரி மாறும். மூன்றாவது, சராசரியின் வகை. மிகுவேகம் பெற்ற சிலர் கூட்டுச் சராசரியை உயர்த்திவிடுவர். இடைநிலை அளவோ நடுவில் நிற்கும் பயனரின் நிலையைக் காட்டும்.

2017 மார்ச்சில் இச்சிக்கல் பொதுவெளிக்கு வந்தது. ஊக்லா நிறுவனத்தின் முடிவைச் சான்றாகக் காட்டி, தன் வலைப்பின்னலே மிக வேகமானது என ஏர்டெல் விளம்பரம் செய்தது. ஜியோ இதனை எதிர்த்து இந்திய விளம்பரத் தர மன்றத்தில் முறையிட்டது. இரு சிம் அட்டைகள் கொண்ட கைப்பேசிகளில், தரவு எந்த அட்டையின் வழியே பாய்ந்தாலும் முதல் அட்டைக்குரிய நிறுவனத்தின் பெயரிலேயே முடிவு பதிவாகிறது என்பது ஜியோவின் வாதங்களுள் முதன்மையானது. ஊக்லா தன் முடிவில் உறுதியாக நின்றது. விளம்பரத்தை மாற்றவோ திரும்பப் பெறவோ வேண்டுமென மன்றம் கூறியது. ஒரு வீட்டில் இரு நிறுவனங்களின் அட்டைகளை ஒரே கருவியில் இட்டுப் பயன்படுத்தும் இந்திய வழக்கம், உலகளாவிய அளவீட்டு முறை ஒன்றையே வினாவிற்கு உள்ளாக்கியது என்பதே இந்நிகழ்வின் வரலாற்று முக்கியத்துவம்.

‘கிடைக்கும் நிலை’ என்னும் அளவு

வேகத்திற்கு அடுத்து ஒப்பிடப்படுவது பரவல். ஓப்பன்சிக்னல் அறிக்கைகளில் 4ஜி ‘கிடைக்கும் நிலை’யில் ஜியோ முன்னிலை வகித்தது. இவ்வளவு, நிலப்பரப்பில் எத்தனை பங்கிற்குச் சேவை எட்டுகிறது என்பதைக் குறிப்பதன்று. பயனரின் கருவி 4ஜி இணைப்பில் இருந்த நேரத்தின் பங்கையே குறிக்கிறது.

ஜியோவிடம் 2ஜி, 3ஜி வலைப்பின்னல்கள் இல்லை. அக்காலத்தில் அதன் பயனருக்கு இணைப்பு உண்டெனில் அது 4ஜி. இல்லையெனில் சேவையே இல்லை. பிற நிறுவனங்களின் பயனரோ 4ஜி நலிந்த இடத்தில் 3ஜி அல்லது 2ஜிக்கு இறங்கினர். இதனால் அந்நிறுவனங்களின் 4ஜி நேர விகிதம் குறைந்தது. மறுபுறம், நலிந்த இடங்களில் எடுக்கப்படும் அளவுகள் 4ஜி கணக்கிலிருந்து வெளியேறுவதால் அவற்றின் 4ஜி வேகச் சராசரி உயரவும் கூடும். ஒரே தொழில்நுட்ப அமைப்பு ஓர் அட்டவணையில் இழப்பாகவும் மற்றொன்றில் ஆதாயமாகவும் தோன்றுகிறது.

அலைக்கற்றையின் இயல்பும் இங்குக் கருதத்தக்கது. 850 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தொலைவு செல்லும். சுவர்களையும் ஓரளவு ஊடுருவும். 2300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசைகளில் அகன்ற கற்றை கிடைப்பதால் வேகம் மிகும்; எட்டும் தொலைவு குறையும். ஆகவே வேகமும் பரவலும் ஒரே திசையில் வளர்பவை அல்ல.

சோதனையில் இடம்பெறாத ஊர்கள்

வேகச் சோதனை நிகழ இணைப்பு வேண்டும். இணைப்பற்ற ஊரிலிருந்து எந்த எண்ணும் வருவதில்லை. அதனால் அவ்வூர் சராசரியைக் குறைப்பதுமில்லை. டிராய் நடத்தும் ஊர்தி வழிச் சோதனைகள் நகரங்கள், நெடுஞ்சாலைகள், இருப்புப்பாதைகள் ஆகியவற்றைப் பின்பற்றுவதால், சாலையிலிருந்து விலகிய குடியிருப்புகள் அவற்றிலும் அரிதாகவே இடம்பெறும். உரிமப் பகுதி என்னும் அலகு இவ்வேறுபாட்டை மேலும் மறைக்கிறது. தனி உரிமப் பகுதியாக இருந்த சென்னை 2005இல் தமிழ்நாட்டு வட்டத்துடன் இணைக்கப்பட்டது. அதன்பின் ‘தமிழ்நாடு’ என வரும் ஒற்றை எண்ணில் அண்ணா சாலையும் கொல்லிமலைச் சிற்றூரும் அடங்குகின்றன. சோதனைகள் மிகுதியாக நிகழும் இடமே அவ்வெண்ணைத் தீர்மானிக்கிறது.

மறைந்த ஊர்களின் அளவை வேறொரு ஆவணம் வெளிப்படுத்துகிறது. 2022 ஜூலையில் ஒன்றிய அமைச்சரவை, சேவை எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுசெல்ல ரூ. 26,316 கோடி மதிப்பிலான திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. அதே திட்டத்தில் 2ஜி அல்லது 3ஜி மட்டுமே பெற்றிருந்த 6,279 கிராமங்களை 4ஜிக்கு உயர்த்துவதும் அடங்கும். பணி பிஎஸ்என்எல் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஐந்தாண்டுகளாக நிகழ்ந்த ‘மிக வேகமான வலைப்பின்னல்’ போட்டியின் அட்டவணைகளில் இவ்வூர்கள் பூச்சியமாகக்கூடப் பதிவாகவில்லை. அவற்றைக் கணக்கில் கொணர்ந்தது பொது நிதியிலான திட்ட ஆவணமே.

2024ஆம் ஆண்டின் சேவைத் தர விதிமுறைகள், தொழில்நுட்ப வாரியான பரவல் வரைபடங்களை நிறுவனங்கள் வெளியிட வேண்டுமென வகுத்தன. சேவை இல்லாத இடமும் இதனால் பயனரின் பார்வைக்கு வருகிறது. எனினும் வரைபடத்தை வரைவோர் நிறுவனங்களே என்பதால், அதனையும் கள ஆய்வோடு ஒப்புநோக்க வேண்டிய சான்றாகவே கொள்ளுதல் தகும்.

நிறைவுரை

2004 முதல் 2024 வரையிலான இருபதாண்டுகளில் அளவுகோல், கருவி, அலகு ஆகிய மூன்றும் மாறியுள்ளன. எனவே இவ்வொப்பீட்டுப் பட்டியல்களைச் சான்றாகப் பயன்படுத்தும் ஆய்வாளர் மூன்றினை ஆராய வேண்டும்: அளவு யாருடைய கருவியில் எடுக்கப்பட்டது, எவை கணக்கிலிருந்து விலக்கப்பட்டன, எந்த இடங்கள் அளவே தராமல் விடுபட்டன. முதலிரண்டும் நிறுவனங்களுக்கிடையிலான தரவரிசையை மாற்றக்கூடியவை. மூன்றாவது, தரவரிசைக்கு வெளியே நிற்கும் மக்களைக் குறித்தது. இணையவழிக் கல்வியும் அரசு சேவைகளும் கைப்பேசியைச் சார்ந்துவிட்ட காலத்தில், இந்த மூன்றாவது வினாவிற்கான விடையை வேகப் பட்டியல்களில் தேடுவது பயன் தராது. திட்ட ஆவணங்களிலும் கள ஆய்விலுமே அதனைத் தேட வேண்டும்.