ஸ்லைடு நிறுத்தி

ஸ்லைடு நிறுத்தி என்பது அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியில், கடைசித் தோட்டா சுடப்பட்டதும் பின்னோக்கிச் சென்ற ஸ்லைடை முன்னே திரும்பவிடாமல் பிடித்து நிறுத்தும் சிறு நெம்புகோல் ஆகும். ஜோன் பிரௌனிங் வடிவமைத்து, 1911 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தரைப்படை ஏற்றுக்கொண்ட எம்1911 இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. அதில் இந்நெம்புகோலின் அச்சே குழலைச் சட்டத்துடன் இணைக்கும் ஊசியாகவும் பயன்படுகிறது.

இயங்கும் முறை

மேகசினில் தோட்டாக்கள் தீர்ந்ததும், அதன் சுருள்வில் தோட்டாத் தாங்கியை மேலே தள்ளுகிறது. தாங்கி நெம்புகோலின் உள்முனையை உயர்த்த, நெம்புகோல் ஸ்லைடில் உள்ள வெட்டுப்பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறது.

பூட்டாமை

துப்பாக்கி வெறுமையான பின்னும் ஸ்லைடு மூடிக்கொள்வதே அடிக்கடி காணப்படும் கோளாறு. பலரும் உடனே நெம்புகோலைக் குறை கூறுவர். ஆனால் தளர்ந்த மேகசின் சுருள்வில், தேய்ந்த தாங்கி, நெம்புகோலின் மீது அழுந்தும் சுடுபவரின் கட்டைவிரல் ஆகியவற்றையே முதலில் ஐயுற வேண்டும். விசை குறைந்த தோட்டாக்களும் ஸ்லைடைப் போதிய தொலைவு பின்தள்ளுவதில்லை.

சோதிக்கும் முன் மேகசினைக் கழற்றி, தோட்டா அறை வெறுமையாக உள்ளதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்தல் வேண்டும். பின் வெற்று மேகசினைச் செருகி ஸ்லைடைக் கையால் முழுவதும் இழுக்க வேண்டும். பூட்டாவிடில் வேறொரு மேகசினைக் கொண்டு பார்க்கலாம். அதில் பூட்டினால் கோளாறு முந்தைய மேகசினில் உள்ளது. மேகசின்களுக்கு எண்ணிட்டு வைப்பது இதனாலேயே பயன் தருகிறது. எதிலும் பூட்டாவிடில் நெம்புகோலின் முனை, வெட்டுப்பள்ளம் ஆகியவற்றில் தேய்வோ அழுக்கோ உள்ளதா எனப் பார்க்க வேண்டும். கையால் இழுக்கையில் பூட்டி, சுடுகையில் மட்டும் பூட்டாவிடில் காரணம் பெரும்பாலும் பிடிக்கும் முறை அல்லது தோட்டா ஆகும்.

முன்கூட்டியே பூட்டுதல்

தோட்டாக்கள் எஞ்சியிருக்கும்போதே ஸ்லைடு பூட்டுவது இதனினும் இடர் மிக்கது. வெறுமையானதென எண்ணி மேகசினைக் கழற்றாமல் ஸ்லைடை விடுவித்தால், அடுத்த தோட்டா அறைக்குள் ஏறிவிடும். நெம்புகோலைக் கீழிருந்து உயர்த்தும் விரல், உள்முனையில் உரசும் தோட்டாவின் மூக்கு, எம்1911 இல் நெம்புகோலை அழுத்தி வைக்கும் சிறு தண்டின் சுருள்வில் தளர்தல் ஆகியன இதன் காரணங்கள். உள்முனையை அரத்தால் தேய்ப்பது பழகிய துப்பாக்கித் தச்சரின் பணி. சற்று மிகுதியாகத் தேய்த்தால் பின்னர் எப்போதுமே பூட்டாது.

வெற்று மேகசின் உள்ளே இருக்கையில் ஸ்லைடு எளிதில் விடுபடாதது கோளாறு அன்று.