இயற்கை சார்ந்த ஆர்கெஸ்ட்ரா இசை

மலை, காற்று, மழை, பருவம் ஆகியவற்றின் பேரழகையும் அவை மனத்தில் எழுப்பும் உணர்வையும் பல கருவிகளின் கூட்டொலியில் வெளிப்படுத்தும் இசை வகை இது. தமிழ்த் திரையிசையில் இதைச் செழிக்கச் செய்தவர்களுள் தலையாயவர் இளையராஜா (பிறப்பு 1943). இவர் பிறந்த பண்ணைப்புரம், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இன்றைய தேனி மாவட்டத்தில் உள்ளது.

முன்னோடிகள்

மேற்கத்திய இசையமைப்பாளர் விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’ இசைப்படைப்பு 1725இல் அச்சேறியது. 1808இல் வியன்னாவில் அரங்கேறிய பீத்தோவனின் ஆறாம் சிம்பொனியில் புல்லாங்குழலும் ஓபோவும் கிளாரினெட்டும் பறவைகளாகப் பாடுகின்றன. டிம்பனி முரசு இடியாக முழங்குகிறது. ஆயினும் ஓசையைப் போலச் செய்வதைவிட உணர்வைச் சொல்வதே அதன் நோக்கம் என்பது பீத்தோவனின் கருத்து.

இயற்றும் முறை

வயலின், வயோலா, செல்லோ ஆகியவை சுரங்களை நீட்டி இழைக்கும்போது வெளியின் பரப்பு தோன்றும். பித்தளைக் கொம்புகள் மலையின் உயரத்தை உணர்த்தும். தனித்து ஒலிக்கும் குழல் அந்த வெளியின் அமைதியைக் கூட்டும். பின்னணி இசைக்குக் காட்சியின் நேர அளவும் முக்கியம். எங்கே இசை எழ வேண்டும், எங்கே மௌனம் காக்க வேண்டும் என்பதை இசையமைப்பாளர் முன்பே முடிவு செய்கிறார்.

தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்ற இளையராஜா, ஒவ்வொரு கருவிக்குமான இசைக்குறிப்பைத் தம் கையாலேயே எழுதுபவர். ‘அன்னக்கிளி’யில் (1976) அறிமுகமான அவர், நாட்டார் மெட்டையும் மேற்கத்திய இசையின் சுரச்சேர்க்கையையும் இணைத்தார். ‘முள்ளும் மலரும்’ (1978), ‘மூடுபனி’ (1980) போன்ற படங்களில் மலையும் பனியும் வெறும் பின்புலமாக நின்றுவிடாமல் கதையின் உணர்வோடு கலந்தன. காற்றையே தலைப்பில் கொண்ட ‘நத்திங் பட் விண்ட்’ (1988) இசைத்தொகுப்பில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு ஆர்கெஸ்ட்ரா உரையாடுகிறது.

சிறப்புகள்

சிறுமலை அடிவாரத்தில், திண்டுக்கல்–மதுரை சாலையில் அமைந்த காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் 2022 நவம்பர் 11 அன்று இளையராஜாவுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. அவரது ‘வேலியன்ட்’ சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேற்றியது.