ஆச்சி வீடு கடலுக்குள் போன கதை

"அப்பா, ஆச்சி வீடு கடலுக்குள்ளயா இருக்கு?"

மகள் கேட்டதும் ஙே என்று முழித்தேன். போன தடவை மும்பை போனபோது செல்போனில் எடுத்த படங்களைக் கணினியில் ஏற்றியிருந்தேன். மாட்டுங்கா ஆஸ்திக சமாஜக் கோயில், செம்பூர் செட்டா நகர் முருகன் கோயில், தாராவியில் நான் பிறந்த பத்துக்குப் பத்து வீடு... எல்லாமே வரைபடத்தில் ஹைத்தி நாட்டை ஒட்டிய கடலில் மிதக்கின்றன!

நோண்டிப் பார்த்தேன். படத்துக்குள் விவரங்களைப் பொதிந்து வைக்கும் 'எக்ஸிஃப்' முறை 1995ல் ஜப்பானில் உருவானது. அதில் பாகை, கலை, விகலை மூன்றும் வெறும் எண்கள். கிழக்கா மேற்கா என்பது தனியாக ஓர் எழுத்து. தாராவி வடக்கே 19 பாகை 2 கலை, கிழக்கே 72 பாகை 51 கலை. என் மென்பொருள் அந்த எழுத்தைப் பார்க்காமல் மேற்கு என்றே வைத்துக்கொண்டது. அவ்வளவுதான், வீடு பாதி உலகம் தாண்டிவிட்டது :-)

இந்தக் கிழக்கு மேற்குக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1884ல் வாஷிங்டனில் கூடிய மாநாடுதான் கிரீன்விச்சைப் பூஜ்யமாக வைத்து, கிழக்கைக் கூட்டல், மேற்கைக் கழித்தல் என்று தீர்மானித்தது. ஒரு பாகைக்கு நாலு நிமிஷம். தாராவியின் 72 பாகை 51 கலையைப் பெருக்கிப் பாருங்கள், 4 மணி 51 நிமிஷம் வரும். பழைய 'பம்பாய் நேரம்' அதுவேதான்! 1906ல் இந்திய நேரம் ஐந்தரை மணி என்றானது. அப்புறமும் பல வருஷம் பம்பாய்க்காரர்கள் 39 நிமிஷம் பின்தங்கிய தங்கள் கடிகாரத்தை விடவில்லை. தன் இடத்தை யாரோ மாற்றி எழுதினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

எனக்கும் பொறுக்கவில்லை. தாராவி மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு 2024ல் தொடங்கிவிட்டது. நாளைக்கு அந்தச் சந்தே இருக்காது. திருநெல்வேலியிலிருந்து வந்த தாத்தா தோல் பதனிட்டுச் சம்பாதித்த வீட்டுக்கு என் மகளிடம் மிஞ்சப்போவது இந்தப் படம்தான்.

எழுத்தைத் திருத்தினேன். வீடு கரையேறியது. பிறகு அம்மாவுக்குப் போன் போட்டேன். சந்து பேர், எதிர்வீட்டுக்காரர், தண்ணிக் குழாய் இருந்த மூலை எல்லாம் சொல்லச் சொல்ல மகளே எழுதிக்கொண்டாள்.

நீங்களும் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள் மக்களே.